வெட்டியெடுத்த குடல்வாலை யார் பார்த்தார்கள்?

அறுவை அரங்கின் கதவு பாதி திறந்தது. பச்சை உடுப்பில் இருந்த செவிலியர் என் அண்ணன் பெயரைச் சொல்லி, “கூட வந்தவங்க யாரு?” என்றார். எழுந்து போனேன். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே ஃபார்மலினில், சுண்டுவிரல் அளவில், சிவந்து வீங்கி ஒன்று கிடந்தது. “இதுதாங்க எடுத்தது, பார்த்துக்கங்க. கீழ லேப்ல குடுத்துப் பணம் கட்டிருங்க சார். ரசீது பத்திரம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணனுக்கு அப்போது 46 வயது. முந்தின நாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, விடிவதற்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, நிமிர்ந்து நடக்க விடாமல் செய்திருந்தது. நல்ல மருத்துவர், அறுவை நல்லபடியாக முடிந்தது. நான் டப்பாவைக் கீழே கொடுத்தேன், பணம் கட்டினேன், ரசீதை ஃபைலில் செருகினேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். பிரித்தவர் ‘ரிப்போர்ட் எங்கே?’ என்று கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. வலி போய்விட்டது, ஆள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

நான்கு மாதம் கழித்து, காப்பீட்டுக்காகப் பில்களை வரிசையாக அடுக்கியபோது அந்த ரசீது கண்ணில் பட்டது. போய்க் கேட்டேன். ஆய்வக ஊழியர் ஒரு இழுப்பறையைத் திறந்தார். யாரும் வந்து வாங்காத உறைகள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. துழாவி எடுத்துக் கொடுத்தார். கடுமையான குடல்வால் அழற்சி, வேறு குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. மூச்சு வந்தது. ஆனால், அந்த உறைக்குள் வேறொரு சொல் எழுதப்பட்டிருந்தால், அதுவும் அதே நான்கு மாதம் அதே இழுப்பறையில்தான் கிடந்திருக்கும். இந்த எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

அந்த வேறொரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒட்டுக்குடல் என்று ஊர்ப்பக்கம் சொல்லும் குடல்வாலில் அழற்சி வருவது மிகச் சாதாரணமான சங்கதி. மேற்கத்திய நாடுகளின் கணக்குப்படி, நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை அது வருகிறது. பெரும்பாலும் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில். அப்படி வெட்டியெடுத்த குடல்வால்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் கட்டி இருக்கிறது. வலியோடு வந்தவருக்கும் தெரியாது, அவசரமாக அறுத்த மருத்துவருக்கும் தெரியாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பயம் வேண்டாம் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, போன வருடம் ஒட்டுக்குடல் ஆபரேஷன் ஆன கல்லூரிப் பிள்ளையை நினைத்து எந்தத் தாயும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், அந்த நூறாவது ஆள் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை நாம் செய்கிறோமா என்பது நியாயமான கேள்வி.

கட்டி எப்படி அழற்சியின் வேடத்தில் வருகிறது? சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பை இருக்கிறது. குடல்வால் அதிலிருந்து தொங்கும் ஒரு முட்டுச்சந்து. ஒரு பக்கம்தான் திறப்பு. உள்ளே சுரக்கும் சளி அந்த வாய் வழியாகத்தான் வடிய வேண்டும். வாய் அடைபட்டால் சளி தேங்கும், அழுத்தம் ஏறும், கிருமி பெருகும், சுவர் வீங்கிச் சீழ் பிடிக்கும். சிறுவர்களுக்கு அந்த இடத்திலுள்ள நிணநீர்த் திசு வீங்கி அடைக்கும். சிலருக்கு இறுகிய மலம் கல்லாகி அடைக்கும். இன்னும் சிலருக்கு ஒரு கட்டி அடைக்கும். சில சமயம் அந்தக் கட்டி குடல்வாலிலேயே இருக்காது, சீக்கத்தில் வளரும் பெருங்குடல் புற்றுநோய் குடல்வாலின் வாயை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்திருக்கும். எது அடைத்தாலும் வலி ஒன்றுதான், காய்ச்சல் ஒன்றுதான், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறுவதும் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் கிருமியை அடக்கும், அடைப்பைத் தொடாது.

பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்த வலி வந்தால் ‘எப்போது அறுவை?’ என்று கேட்பது போதும். ஐம்பது வயதுக்காரருக்கு முதல்முறையாக வந்தால், ‘இந்த வயதில் இது ஏன் அடைத்தது?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

குடல்வாலில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. 1907இல் ஜெர்மானிய நோயியலாளர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், புற்றுநோய் போலத் தோன்றி ஆனால் மெதுவாக நடந்துகொள்ளும் சிறு குடல் கட்டிகளுக்குக் ‘கார்சினாய்டு’ என்று பெயர் வைத்தார். நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் என்று இன்று அழைக்கப்படும் அந்த வகை குடல்வாலில் அடிக்கடி காணப்படுகிறது. பெரும்பாலும் நுனியில், கடலை அளவில் இருக்கும். ஸ்கேனில் தெரியாது, கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் குடல்வாலை எடுத்ததே சிகிச்சை, அதோடு முடிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் வலப்பக்கப் பெருங்குடலையும் எடுக்கச் சொல்வார்கள். இடைப்பட்ட அளவுக்கு என்ன செய்வது என்பது நெடுநாள் வாதமாக இருந்தது. ஐரோப்பாவின் 15 நாடுகளில், 40 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 278 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கும் பெரிய அறுவை தேவையில்லை என்று சொன்னது. அறிக்கையைப் படித்தால் கெட்ட செய்திதான் வரும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டி என்று எழுதியிருந்தாலும், பலருக்கு அந்த அறிக்கையே ஆறுதல்தான்.

இன்னொரு வகை கொஞ்சம் தந்திரமானது. குடல்வாலின் உட்சுவரில் சளி சுரக்கும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, குடல்வாலையே கூழ் நிறைந்த பலூனாக ஊத வைக்கும். அது வெடித்தால் அந்தக் கூழோடு செல்களும் வயிற்றறைக்குள் சிந்தும். சிந்திய இடங்களில் ஒட்டிக்கொண்டு மேலும் கூழ் சுரக்கும். மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில், வயிறு மெல்ல மெல்லப் பெருக்கும். தொந்தி போடுகிறது என்று நினைப்பார்கள். பெண்களுக்கு இது சூலகத்தில் போய் உட்கார்ந்து சூலகக் கட்டி என்றே அறியப்படுவதும் உண்டு. சூடோமிக்ஸோமா என்ற இந்த நிலைக்கு, வயிற்றறைக்குள் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு படலத்தையும் சுரண்டியெடுத்து, சூடான புற்றுநோய் மருந்தால் வயிற்றைக் கழுவும் பல மணி நேர அறுவை இருக்கிறது. வாஷிங்டனில் பால் சுகர்பேக்கர் என்ற அறுவை மருத்துவர் தன் வாழ்நாளைச் செலவிட்டு வளர்த்தெடுத்த முறை அது. குடல்வால் வெடிக்காமல் முழுதாக வெளியே வந்து, கட்டி அதற்குள்ளேயே அடங்கியிருந்தால், அவ்வளவு பெரிய அறுவைக்குத் தேவையே வராது. ஒரு நோயை ஓரங்குலத்தில் பிடிப்பதற்கும் வயிறு முழுக்கத் தேடுவதற்கும் உள்ள தூரம் அது.

நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் இந்த நோயில்தான் போனார். 1992 செப்டம்பரில் யுனிசெஃபின் தூதராகச் சோமாலியாவின் பஞ்ச முகாம்களுக்குப் போய்த் திரும்பியவருக்கு வயிற்று வலி. நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் வயிற்றைத் திறந்தபோது, குடல்வாலில் தொடங்கிய புற்றுநோய் ஏற்கெனவே பரவியிருந்தது தெரிந்தது. 1993 ஜனவரி 20 அன்று இறந்தார். வயது 63. அவருக்கு முன்கூட்டி எச்சரிக்க அழற்சி எதுவும் வரவில்லை. ஸ்டூவர்ட் ஸ்காட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்தே கோடிக்கணக்கானோரின் வீட்டு மனிதரானவர் அவர். 2007 நவம்பரில் ஒரு கால்பந்தாட்ட ஒளிபரப்புக்காகப் பிட்ஸ்பர்க் போன இடத்தில் வயிற்று வலி; குடல்வாலை அறுத்தார்கள்; உள்ளே புற்றுநோய் இருந்தது. அது இரண்டு முறை திரும்பி வந்தபோதும் சிகிச்சையோடு வேலைக்கும் போய்க்கொண்டு, ஏழு ஆண்டுகள் நின்றார். 2015 ஜனவரி 4 அன்று 49 வயதில் காலமானார். அந்த ஏழு ஆண்டுகளைத் தொடங்கிவைத்தது ஒரு சாதாரண ஒட்டுக்குடல் அறுவை.

இனி பின்லாந்துக்குப் போகலாம். இந்த விஷயத்தில் உலகத்தின் கண்ணைத் திறந்தது அந்தச் சின்ன நாடு.

குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவாமல், சுற்றியுள்ள குடலும் கொழுப்புச் சவ்வும் வந்து மூடிக்கொண்டால் அந்த இடத்தில் சீழ்க்கட்டி உருவாகும். அந்த நேரத்தில் உடனே அறுப்பது ஆபத்து என்பது பழைய பாடம். ஆன்டிபயாடிக் கொடுத்து, தேவைப்பட்டால் ஊசிக்குழாய் வழியே சீழை வடித்து, அடங்கவிடுவார்கள். இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 24 அன்று, முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஃபிரெடரிக் டிரீவ்ஸ் செய்ததும் சீழை வடித்த வேலைதான். குடல்வாலை அவர் எடுக்கவில்லை. அரசர் பிழைத்து ஆகஸ்டில் முடிசூடிக்கொண்டார். சீழ் அடங்கிய பிறகு, உள்ளேயே தங்கிவிட்ட அந்தக் குடல்வாலை என்ன செய்வது? மூன்று மாதம் கழித்து எடுப்பதா, சும்மா விட்டுவிட்டுக் கண்காணிப்பதா?

நூறு வருடமாக ஆளுக்கொரு பதில் சொல்லிவந்த இந்தக் கேள்வியைத் தீர்க்கத்தான், பாலினா சால்மினன் குழுவினர் பின்லாந்தின் ஐந்து மருத்துவமனைகளில் 2013இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 18 முதல் 60 வயது வரையிலான, சீழ்க்கட்டி அடங்கிய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று மாதம் கழித்துக் குடல்வால் அறுவை, மறு பாதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பு. கண்காணிப்பே போதும் என்ற முடிவு வரலாம் என்று பலரும் எதிர்பார்த்த காலம் அது. ஆனால், 60 பேர் சேர்ந்திருந்த நிலையில் இடைக்காலக் கணக்கைப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். 17 சதவீதம் பேருக்குக் குடல்வாலில் கட்டி. நோயாளிகளை இனியும் ‘சும்மா விட்டுப் பார்க்கும்’ பிரிவில் வைத்திருப்பது அறம் ஆகாது என்று சோதனையை 2016இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களையும் கூப்பிட்டு அறுவைக்கு அறிவுறுத்தினார்கள். அதில் மேலும் இருவருக்குக் கட்டி. ஆக மொத்தம் 60 பேரில் 12 பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். நாற்பதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 29 சதவீதம்.

அறுபது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். எல்லா நாட்டிலும் இதே விகிதம் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே பின்லாந்தில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது, சிக்கலான குடல்வால் அழற்சியில் கட்டி இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்று சதவீதமும், சிக்கல் இல்லாததில் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவும் இருந்தது. எண்கள் மாறினாலும் திசை மாறவில்லை. வயது நாற்பதைத் தாண்டி, குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டியோ கட்டிபோன்ற திரட்சியோ இருந்தால், அது அடங்கிவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. அவசர அறுவை மருத்துவர்களின் உலகச் சங்கம் வகுத்த ஜெருசலேம் வழிகாட்டுதல்களின் 2020 பதிப்பும், நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சிக்கலான அழற்சியை அறுவையின்றி ஆற்றியிருந்தால், பிறகு கொலோனோஸ்கோப்பியும் மருந்து செலுத்திய முழு அளவு சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? நம் மருத்துவ மாணவர்களுக்கு இது புதிய பாடமே இல்லை. வலது அடிவயிற்றில் கையில் தட்டுப்படும் திரட்சியோடு வருபவரை உடனே அறுக்காதே, ஓய்வு கொடு, ஆன்டிபயாடிக் கொடு, ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி எடு. ஆக்ஸ்னர், ஷெரன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் இந்த முறையைத் தேர்வில் எழுதாமல் இங்கே யாரும் எம்.பி.பி.எஸ். முடித்திருக்க முடியாது. மருத்துவர்களும் டிஸ்சார்ஜ் தாளில் ‘ஆறு வாரம் கழித்து வரவும்’ என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். வராதது நோயாளி. ஏன் வர வேண்டும்? வலி இல்லை. சாப்பிட முடிகிறது. ஆறாவது வாரம் அறுவடையாக இருக்கும், அல்லது பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் வாரமாக இருக்கும். நன்றாக இருக்கும் உடம்பைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ‘எதற்காக வரச்சொல்கிறோம்’ என்று ஒரு வரி அவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டிருந்தால் ஒருவேளை வந்திருப்பார். உள்ளே கட்டி ஒளிந்திருக்கலாம், அது இல்லை என்று உறுதி செய்யத்தான் கூப்பிடுகிறோம் என்ற அந்த ஒரு வரி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கவலை தருவது. அடிவயிற்று வலியோடு தெருமுனை கிளினிக்குக்குப் போகிறோம். ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை. வலி அடங்குகிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வலி; திரும்ப ஊசி. ‘அமுக்கி வைப்பது’ என்று நாமே இதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா என்று பின்லாந்தில் 530 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை தேவைப்பட்டது; ஐந்து வருடத்தில் அது 39 சதவீதமானது. மீதிப் பேர் கத்தி இல்லாமலே நலமாக இருந்தார்கள். அது நல்ல முறைதான். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் முதலில் சி.டி. எடுத்து, சீழ்க்கட்டி இல்லை, மலக்கல் இல்லை, கட்டி என்ற சந்தேகம் இல்லை என்று பார்த்த பிறகுதான் மருந்து கொடுத்தார்கள். பிறகு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இங்கே ஸ்கேனும் இல்லை, பின்தொடர்தலும் இல்லை, ஊசி மட்டும் இருக்கிறது. அறுவையில் குடல்வால் வெளியே வந்தால் அதை யாராவது பார்க்க ஒரு வாய்ப்பாவது உண்டு. மருந்தில் அடங்கிய குடல்வால் உள்ளேயே இருக்கிறது. ஆன்டிபயாடிக் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாக நாற்பது தாண்டியவருக்கு, இந்த வித்தியாசம் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.

ஸ்கேன் சில தடயங்களைத் தரும். சாதாரணமாக ஆறு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் குடல்வால் அழற்சியில் பத்து, பன்னிரண்டு என்று தடிக்கும். பதினைந்தைத் தாண்டி ஊதியிருந்தாலோ, சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கதிரியக்க நிபுணர் சளிக்கட்டியை நினைத்துப்பார்க்க வேண்டும். அந்தத் தகவல் அறுவை மருத்துவருக்கு முன்கூட்டிக் கிடைத்தால் குடல்வால் உடையாமல், பைக்குள் போட்டு, அடிப்பாகம் விட்டுவிடாமல் எடுப்பார். நம் ஊரில் அல்ட்ராசவுண்ட் பார்த்த கையோடு அறுவைக்குப் போவதே வழக்கம். நள்ளிரவில் வலியோடு வந்தவர் விஷயத்தில் அதைக் குறை சொல்லவும் முடியாது. எந்த ஸ்கேனும் கடலை அளவுக் கட்டியைக் காட்டப்போவதில்லை என்பதுதான் முக்கியம். அதைக் காட்டுவது நுண்ணோக்கி மட்டும்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அறைக்குள் நோயாளிகள் யாரும் போவதில்லை. டப்பாவில் வந்த குடல்வாலை நோயியல் நிபுணர் முதலில் அளக்கிறார், தடவிப் பார்க்கிறார். அடிப்பாகத்திலிருந்து ஒரு துண்டு, நடுவிலிருந்து ஒன்று, நுனியை நீளவாக்கில் பிளந்து ஒன்று என வெட்டுகிறார். அவை மெழுகில் பதிக்கப்பட்டு, முடியை விடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறுகின்றன. சந்தேகம் வந்தால் மிச்சம் இருப்பதையும் முழுவதுமாக வெட்டிப் பார்ப்பார். கோப்பைச் செல் புற்று என்று ஒரு வகை உண்டு. அது கட்டியாகத் திரளாமல் சுவருக்குள்ளேயே மணல்போலப் பரவியிருக்கும். அறுவை மருத்துவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு அது வெறும் வீங்கிய குடல்வாலாகத்தான் தெரியும்.

எல்லாக் குடல்வால்களையும் அனுப்பத்தான் வேண்டுமா, சந்தேகம் உள்ளதை மட்டும் அனுப்பினால் போதாதா என்று நெதர்லாந்தில் ஒரு விவாதம் நடக்கிறது. செலவு மிச்சமாகும், தவறும் கட்டிகள் மிகச் சில, அவையும் பெரும்பாலும் தீங்கற்றவை என்பது ஒரு தரப்பின் வாதம். கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார், அவரிடம் எல்லாப் பதிவும் இருக்கிறது, தவறிப்போனதைப் பிற்பாடு பிடிக்க இன்னொரு கை இருக்கிறது. இங்கே வலியோடு வரும் அந்த ஒரு நாள்தான் பலருக்கு மருத்துவமனையோடு உள்ள ஒரே சந்திப்பு. அந்த நாளில் தவறவிட்டதைப் பிடிக்க நமக்கு வேறு கை இல்லை. நமக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது என்பது என் உறுதியான கருத்து.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாற்பது என்பது எச்சரிக்கைக் கோடு. அதற்குக் கீழே எல்லோரும் பத்திரம் என்று பொருள் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 1975 முதல் 2019 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2025இல் வந்த ஆய்வு, 1940களில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் 1980 ஒட்டிப் பிறந்த தலைமுறையில் குடல்வால் புற்றுநோய் மூன்று மடங்குக்கு மேலும், 1985 ஒட்டிப் பிறந்தவர்களிடம் நான்கு மடங்குக்கு மேலும் கூடியிருப்பதாகக் காட்டியது. மொத்தத்தில் இது ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் அரிய நோய்தான். அரிதானது என்பதாலேயே இதைத் தேடும் பரிசோதனைத் திட்டம் எந்த நாட்டிலும் கிடையாது. அழற்சி வந்து அறுக்கும் அந்த நேரம்தான் இதைப் பிடிக்கக் கிடைக்கும் வாசல்.

ஆகவே முதலில் அந்த டப்பாவிலிருந்து தொடங்குவோம். உடம்பிலிருந்து எடுத்த உறுப்பை உறவினர் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். ஒருவர் டீக்கடையில் மறந்து வைப்பார். ஒருவர் பணம் இல்லாமல் நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருப்பார். ‘எடுத்தாச்சே, இனி எதுக்கு டெஸ்ட்?’ என்று கொட்டிவிடுபவரும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. அது அவர்கள் வேலையே இல்லை. அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு, அதன் கட்டணம் அறுவைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், திசுப் பரிசோதனை அறிக்கை பதிவேறிய பிறகே குடல்வால் அறுவையின் கோப்பை முடிக்கும் என்று ஒரு விதி வந்தால், அடுத்த மாதமே இழுப்பறைகள் காலியாகும். நோயியல் நிபுணர் இல்லாத சிறு மருத்துவமனைகளிலிருந்து மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாதிரிகள் போய்ச்சேர ஒரு ஒழுங்கான வண்டி வேண்டும். பெரிய செலவில்லை. யாராவது இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கூப்பிடும் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகும் பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சீழ்க்கட்டி அடங்கி வீடு திரும்பிய நாற்பது தாண்டியவர்களின் பட்டியல் ஒரு வட்டாரத்தில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. அந்தப் பெயர்களை அவர்கள் கையில் கொடுத்து, ‘அக்கா, ஆறு வாரம் ஆச்சு, டாக்டர் வரச்சொன்னார்’ என்று ஒரு வார்த்தை சொல்லவைக்க முடியாதா? அப்படி வருபவருக்குக் கொலோனோஸ்கோப்பியும் சி.டி.யும் எடுத்து, குடல்வாலை எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் உட்கார்ந்து பேசினால், பின்லாந்து பெரும் செலவில் கற்ற பாடம் நமக்கும் பயன்படும்.

மருத்துவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தையல் பிரிக்கும் அன்று ‘ரிப்போர்ட் எங்கே?’ என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உங்கள் ஆட்களை விட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘திசுப் பரிசோதனை முடிவு வர வேண்டியுள்ளது’ என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

இதைப் படிக்கும் உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது, குறிப்பாக நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு, ஒட்டுக்குடல் அறுவை நடந்திருந்தால் இன்று அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள். பயாப்ஸி அறிக்கை இருக்கிறதா? இல்லாவிட்டால், மருத்துவமனைப் பதிவு எண்ணோடும் அறுவை நடந்த தேதியோடும் போய்க் கேளுங்கள். ஆய்வகங்கள் அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம். ஆறு வாரம் கழித்து வரச்சொல்லிப் போகாமல் விட்டவர் இருந்தால், ஆறு மாதம் ஆகியிருந்தாலும் இந்த வாரம் கூட்டிக்கொண்டு போங்கள்.